ஜப்பான்காரன் துப்பாக்கி

சடக். பிறகு ஒரு சின்ன உரசல். பிறகு மறுபடியும் சடக்.

நினைவு தெரிந்து இந்த வீட்டில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான் தம்பி. ஆயுத பூசையன்று காலையில், இந்த முன்கூடத்தில், அப்பா துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம். பிறகு வீடு அடங்கிவிடும். சந்தனம் பூச உட்கார்ந்துவிட்டார் என்று நாங்களே தெரிந்துகொள்வோம். அந்த நேரத்தில் யாரும் கூடத்துக்குள் போக மாட்டோம்.

நீங்கள் வீடு பார்க்க வந்தவர். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அந்த இரண்டு மரமுளைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். போன மாதம் வந்த பல் டாக்டர், அதில் மாலை மாட்டலாமா என்று கேட்டார். மாட்டலாம், முளை வலுவானதுதான், நாற்பது வருடம் ஒரு துப்பாக்கியைத் தாங்கியிருக்கிறது என்றேன். அவர் வீட்டை வாங்கவில்லை.

உட்காருங்கள். மழை விட்டால்தான் புரோக்கர் வருவார். அதற்குள் யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லிவைப்பார்கள். இந்தத் தெருவில் எதிர்வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தியவள். ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அப்பா சுபேதார் முத்திருளப்பன். பாலம் போடுகிற பட்டாளத்தில் இருந்தார். பர்மாவில் ஆறு ஆறாகப் படகுப் பாலம் போட்டுக்கொண்டே போனார்கள். நாற்பத்தாறில் திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும், சாக்குத் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கியும் கொண்டுவந்தார். அவருடைய கர்னல் துரை, நினைவாக வைத்துக்கொள் என்று அனுமதித்தாராம். உரிமமும் வாங்கியிருந்தார். திருப்புவனத்தில் அப்போது துப்பாக்கி இருந்த வீடு இது ஒன்றுதான்.

ஜப்பான்காரன் துப்பாக்கி என்று ஊரே சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் என்னை 'ஜப்பான் துப்பாக்கி வீட்டுப் பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை. அப்பாவிடம் கதை கேட்பேன். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதெல்லாம் மூன்றே வாக்கியம்.

"ஐராவதி ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு ஆளு நின்னான். சுட்டேன். விடிஞ்சதும் போய்ப் பார்த்தேன்."

"பார்த்தா?"

"பார்த்தா என்ன, துப்பாக்கி கெடந்துச்சு. எடுத்துக்கிட்டு வந்தேன். போய்ப் படி."

அவ்வளவுதான். மற்ற பட்டாளத்துக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அளப்பார்கள் பாருங்கள், குண்டு காதோரம் போனது, மலைப்பாம்பை அடித்துச் சாப்பிட்டது என்று. அப்பா அந்தப் பக்கமே போக மாட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பொய் சொன்னதே இல்லை.

நீங்கள் சாய்ந்திருக்கிற அந்த உள்ளறைக் கதவு நல்ல பர்மா தேக்கு. தடவிப் பார்க்கிறீர்கள், அது வேல். என் சித்தப்பா செதுக்கியது. ஆண்டியப்பன் என்று பெயர், அப்பாவுக்கு ஒரே தம்பி. கையில் பேனாக்கத்தி கிடைத்தால் போதுமாம், ஏர்க்கால், உலக்கை, ஊஞ்சல் பலகை, எல்லாவற்றிலும் ஒரு வேல் கீறிவிடுவாராம். பழனிக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை. வேலின் நடுக்கோட்டைப் பாருங்கள், இடதுபக்கமாகச் சாய்ந்து போகும். அவர் இடதுகைக்காரர். கல்யாணமாகிச் சில மாதத்தில் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஈப்போவில் ஒரு செட்டியாரின் மரக்கடையில் வேலை. போவதற்கு முந்தின வாரம் இந்தக் கதவில் இதைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனாராம். சண்டை மூண்டதும் கடிதம் நின்றுபோனது. மலாயாவிலிருந்து திரும்பாதவர்கள் இந்த வட்டாரத்தில் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. சயாம் ரயில் பாதையில் செத்தவர்கள், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள், சுபாஷ் படை என்று துப்பாக்கி தூக்கிப் போனவர்கள். எவன் எங்கே போனான் என்று யாருக்குத் தெரியும்?

அவர் பெண்டாட்டி சீனியம்மாள். என் சித்தி. கப்பல் ஏறினபோது அவளுக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம்.

நான் சொல்ல வந்ததே சித்தியைப் பற்றித்தான். அவள் எங்களுக்குச் செய்ததைப் பற்றி.

அம்மா நான் இரண்டாவது படிக்கும்போதே போய்விட்டாள். எனக்குத் தலை வாரியது, காய்ச்சலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது, காலேஜில் சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் வாதாடியது எல்லாம் சித்திதான். வாதாடியது என்றால் நேராக இல்லை. மூத்தார் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. அப்பா கூடத்தில் இருந்தால் சித்தி கதவுக்குப் பின்னால் நிற்பாள். என்னைத் தூது விடுவாள். நான் இல்லாவிட்டால் அதோ அந்தத் தூணிடம் சொல்வாள். "ஏ தூணே, இட்லி ஆறிப்போகுது." "ஏ தூணே, புள்ள நல்லாப் படிக்குதாம், டீச்சரம்மா சொல்லுச்சு, பாதியில நிப்பாட்டுனா பாவம் பிடிக்கும்." அப்பாவும் தூணைப் பார்த்தே பதில் சொல்வார். அந்தத் தூண்தான் என்னை எம்.ஏ. படிக்கவைத்தது என்று கல்லூரியில் சொல்லிச் சிரிப்போம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த வேலுக்குச் சித்தி குங்குமம் வைப்பாள். கட்டைவிரலால் அழுத்தி, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. வைத்துவிட்டு அதே விரலால் தன் நெற்றியில் இட்டுக்கொள்வாள். தண்ணீர்க் குழாயில் பெண்கள் சீண்டுவார்கள்.

"ஏ சீனியம்மா, ஒம் புருசன் அங்க சீனத்தியோட குடும்பம் நடத்துறானாம்டி. நாலு புள்ளையாம். எல்லாம் சப்ப மூக்காம்."

"நடத்தட்டுமே. உசுரோட நடத்துனாச் சரி."

இதையெல்லாம் அப்பா கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஊர்வம்பு அவருக்குப் பிடிக்காது.

அப்பா வந்த மறு வருடம் மானாமதுரையிலிருந்து சித்தியின் தம்பி வந்தானாம். அக்காளுக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது, மாப்பிள்ளை செத்துப்போனார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அறுத்துக்கட்டிக் கொடுத்துவிடுகிறோம், ஒரு நல்ல இடம் இருக்கிறது என்றானாம். எங்களில் மறுமணத்துக்குத் தடையில்லை. அப்பா அவனைப் பார்த்து, "ஆண்டி செத்தான்னு யாரு பார்த்தா?" என்று கேட்டாராம். அவன் திரும்பிப் போய்விட்டான். அவ்வளவு நம்பிக்கை அப்பாவுக்கு. தம்பி வருவான் என்று எங்கள் குடும்பத்தில் கடைசி வரை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

ஆயுத பூசைக்குச் சந்தனம் அரைப்பது சித்தி. முதல்நாளே கல்லைக் கழுவி, மூச்சு வாங்க வாங்க ஒரு கிண்ணம் அரைப்பாள். வேறு வீட்டில் அரிவாளுக்கும் தையல் மெஷினுக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். இங்கே கிண்ணம் முழுவதும் துப்பாக்கிக்குத்தான். அப்பா அதை மடியில் கிடத்திக்கொண்டு, பின்கட்டையின் இடப்புறம் முழுக்கப் பூசுவார். பழைய சந்தனத்தைச் சுரண்டவிட மாட்டார். அதன்மேலேயே பூசுவார். வருடா வருடம் பூசிப் பூசி அது ஓடு மாதிரி கெட்டிப்பட்டுக் கிடந்தது. நான் ஒருமுறை, ஏழெட்டு வயதிருக்கும், நகத்தால் லேசாகப் பெயர்த்துப் பார்த்தேன். என்னை அப்பா அடித்தது அந்த ஒரு தடவைதான். பட்டாளத்துக்காரருக்கு ஆயுதத்தின்மேல் அப்படி ஒரு பக்தி.

துப்பாக்கிக்குத் தனி இலை போடுவார். சோறு, குழம்பு, அவித்த முட்டை. இன்னொன்றும் செய்வார், அதுதான் ஊருக்குப் பிடிக்காதது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வைகையில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைப்பார். தாத்தா உயிரோடு இருந்தார் அப்போது. தகப்பன் இருக்க மகன் எள் இறைக்கலாமா? தாத்தா இந்தக் கூடத்தில் நின்று கத்தினது எனக்கு நினைவிருக்கிறது. "நான் என்ன செத்தா போயிட்டேன்? யாருக்குடா எறைக்கிற?" அப்பா ஈர வேட்டியோடு நின்றார். "பட்டாளத்துல செத்தவுகளுக்குப்பா" என்றார். தாத்தா உள்ளே போய்விட்டார். அவ்வளவு பெரிய மனசு அப்பாவுக்கு. கூட இருந்து செத்தவர்களை அவர் மறக்கவில்லை.

சரி, எண்பத்து நாலுக்கு வருகிறேன். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். வழக்கமாக அப்பாவே சாக்கில் சுற்றி, மேலே தைத்து, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து அப்படியே வாங்கி வருவார். சுபேதார் அய்யா சாக்கைப் பிரித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும். அந்த வருடம் புதிதாக ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சின்ன வயது. சாக்கைப் பிரி என்றார். நானும் கூடப் போயிருந்தேன், அப்பாவுக்கு அப்போதே முழங்கால் வலி.

"அய்யா, உரிமத்துல ஜப்பான் துப்பாக்கின்னு எழுதியிருக்கு. எங்க சென்ட்ரி கையில இருக்கிறதும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரில இருக்கு?"

அப்பா அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்கய்யா. வெவரம் தெரிஞ்ச ஒருத்தர விட்டு இது இன்ன துப்பாக்கின்னு எழுதி வாங்கிட்டு வாங்க. போலீஸ் துப்பாக்கி ரகமா இருந்தா வீட்டுல வைக்க முடியாது. ஜப்பான்தான்னா தாராளமா வச்சிக்கிடுங்க. ஒரு வாரம் டயம் தாரேன்."

வெளியே வந்ததும் அப்பா, "அவுகளே வச்சுக்கட்டும் கற்பகம். நமக்கு எதுக்கு?" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நேற்று மீசை முளைத்தவன் என் அப்பாவைப் பொய்யர் என்கிறான். நாற்பது வருடமாக ஊரில் தலைநிமிர்ந்து நடந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்கிறார். விட முடியுமா? "நீங்க சும்மா இருங்கப்பா. நான் பார்த்துக்கிறேன்" என்றேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னோடு வேலை பார்த்த எஸ்தரின் கணவர் மேஜர் தேவசகாயம். ராணுவத்தில் ஆயுதக் கிடங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். கார்த்திகை மாதம், இதே மாதிரி மழை. தன் பியட் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது.

"சுபேதார் சாப், ராம் ராம். எங்க நம்ம ஜப்பான் கைதி?"

அப்பா எழுந்து விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். பிறகு அந்த நாற்காலியை இழுத்து, இதோ இந்த இடத்தில், உள்ளறைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் முளையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தேன். மேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போல்ட்டை இழுத்தார். சடக். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"கற்பகம்மா, இது ஜப்பான் இல்லயே."

"நல்லாப் பாருங்க சார்."

"நான் இதோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்மா. எஸ்தரைக்கூட இருட்டுல அடையாளம் தெரியாமப் போகலாம், இது தெரியும். ஜப்பான் துப்பாக்கின்னா இந்த இடத்துல ஒரு பூ இருக்கும், அவங்க ராஜாவோட பூ. இங்க பாருங்க, கிரீடம். நம்ம த்ரீ நாட் த்ரீ. கல்கத்தா பக்கத்துல ஈஷாப்பூர்ல செஞ்சது, பேரே போட்டிருக்கு."

"அப்ப இது அப்பாவோட துப்பாக்கியா?"

"அவரோடத வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. ஒரு துப்பாக்கி குறைஞ்சா கோர்ட் மார்ஷல். எதிரிகிட்ட எடுத்ததாத்தான் இருக்கணும்." மேஜர் உற்சாகமாகிவிட்டார். எனக்கே பாடம் நடத்தினார். "சிங்கப்பூர் விழுந்தப்ப நம்ம துப்பாக்கியெல்லாம் ஜப்பான்காரன் கையில போச்சு. அதை எடுத்து யாருக்குக் கொடுத்தான்? இந்திய தேசிய ராணுவத்துக்கு. அதுல பாதி மலாயாத் தமிழன். ஐராவதிக் கரையில எதிர்க்க நின்னதே அவங்கதான். எங்கே சாப் எடுத்தீங்க இதை? ஐராவதியிலயா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சார் கேக்குறாங்க."

"ஆமா" என்றார்.

"அடிச்சேன் பாருங்க. அவங்க ஆளுங்க கட்டையில எண், பேரு, ஏதாவது கீறி வச்சிருப்பாங்க. இது என்ன இது, பூசணம் பிடிச்ச மாதிரி?"

"சந்தனம் சார்."

"சந்தனமா? என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பூசலம்மா. கொஞ்சம் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டாங்க."

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதத் தொடைக்க வேணாம் சார்."

"சும்மா, சாப். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"வேணாம் சார். கற்பகம், வேணாம்னு சொல்லு."

நான் மண்ணெண்ணெய் எடுத்து வந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அடியில் ஜப்பான் எழுத்து ஏதாவது இருக்கும், மேஜரின் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். ஆராய்ச்சி என்றால் கடைசி வரை பார்க்க வேண்டும், பாதியில் விடக்கூடாது. என் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

சந்தனம் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. மேலே வெளிறிய மஞ்சள், அடியில் போகப் போகக் கறுப்பு. கூடமெல்லாம் மண்ணெண்ணெயும் சந்தனமும் கலந்து ஒரு வாடை. இன்றைக்கும் எங்காவது சாவு வீட்டில் அந்த வாடை வந்தால் எனக்குத் தலை சுற்றும்.

"அட. எழுத்து இல்லம்மா. வேல். முருகன் வேல். நம்ம பயதான், சந்தேகமே இல்ல. நல்லா செதுக்கியிருக்கான். இடதுகைக்காரன் போல, நடுக்கோடு ஒருபக்கமா சாயுது பாருங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி காப்பி கொண்டுவந்தாள். வெளியாள் வந்திருக்கும்போது கூடத்துக்கு வரமாட்டாள், கதவோரம் நின்று என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்கு மழைச் சத்தத்தில் நான் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது. உள்ளே வந்துவிட்டாள். டம்ளர்களை மேசையில் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

கையை நீட்டி, அந்த வேலின்மேல் கட்டைவிரலை வைத்தாள். அடியிலிருந்து நுனிக்கு. ஒரே இழுப்பு.

பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். முகத்தை நேராகப் பார்த்தாள். நான் பிறந்து அதுவரை பார்த்திராத காட்சி. தூணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், அவுகள எரிச்சீகளா, மண்ணுல வச்சீகளா?"

எங்களில் எரிப்பதுதான் வழக்கம் தம்பி. அதனால் கேட்டிருப்பாள்.

அப்பா எழுந்து நின்றார். முழங்கால் வலியோடு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேஜருக்கு முன்னால் நின்ற மாதிரியே விறைப்பாக நின்றார்.

"மண்ணுலதான் வச்சேன் தாயி. வெறகெல்லாம் நனஞ்சு கெடந்துச்சு. தெக்க தல வச்சு, ஆத்து மண்ணுதான் நெத்தியில பூசிவிட்டேன். திருநீறு இல்ல."

"சரி" என்றாள் சித்தி. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், காப்பியைப் பார்த்தார். குடிக்கவில்லை. கார் மழையில் மாட்டிக்கொள்ளும் என்று கிளம்பிவிட்டார்.

இதுதான் நடந்தது. இதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. யார் சொன்னார்களோ தெரியாது, மறுநாளே தெருவெல்லாம் பேச்சு. சுபேதார் தம்பியைச் சுட்டுவிட்டார், தம்பி துப்பாக்கிக்குப் பூசை போட்டார் என்று. நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். ஆதாரம் என்ன? ஒரு வேல். தமிழன் போன இடமெல்லாம் வேல். இடதுகைக்காரன் ஒருத்தன்தானா உலகத்தில்? மலாயாவிலிருந்து படையில் சேர்ந்தவர்கள் எத்தனை ஆயிரம், அதில் ஐராவதிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அந்தக் கரையில் அந்த நேரத்தில் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க வேண்டுமென்றால், அது நடக்கிற காரியமா? அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்றால், வயதானவர், செத்த எதிரிச் சிப்பாய்களைப் புதைத்தது நினைவுக்கு வந்திருக்கும். அவள் கேட்டாள், இவர் சொன்னார். எந்தச் சிப்பாய் என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் பொய் சொன்னதே இல்லை.

சித்தி அன்று சாயங்காலம் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மழையில் நின்று ஊற்றிக்கொண்டாள். உள்ளே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. நான் பார்த்துவிட்டு, "என்ன சித்தி இது, யாரோ ஒரு ஆள் ஏதோ சொன்னார்னு" என்று ஆரம்பித்தேன். "கற்பகம், நீ சாப்புடு" என்றாள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் நான் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தபோது சோறு மூடி வைத்திருந்தது, அவரைக்காய்ப் பொரியல், எனக்குப் பிடிக்கும் என்று தேங்காய் தூக்கலாகப் போட்டது. சித்தி இல்லை. துப்பாக்கி மேசையிலேயே கிடந்தது. அந்த வலதுபக்க முளையில் தாலிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றுவதற்கு ஒரு முறை இல்லையா? அறுபது வயதில், பெண்டுகள் யாரும் பக்கத்தில் இல்லாமல், தானே கழற்றி, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டிவிட்டுப் போவதா? அப்பாவை அவமானப்படுத்த இதைவிட என்ன வேண்டும்? என்னிடம் சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம். நான் அவள் வளர்த்த பிள்ளை. இருபது மைல் இல்லை மானாமதுரை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஒரு நாளும் வந்ததில்லை.

துப்பாக்கியை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சாக்கு இல்லாமல், தோளில் சாய்த்துக்கொண்டு, தெருவோடு நடந்து போனார். வேல் வெளிப்பக்கம் தெரிய. நான் பின்னாலேயே போனேன். சப் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த அமாவாசையிலிருந்து அப்பா வைகையில் இங்கே இறங்குவதை நிறுத்திவிட்டார். எங்கெங்கிருந்தோ எள் இறைக்கத் திருப்புவனத்துக்கு வருகிறார்கள், இவர் இங்கிருந்து பஸ் பிடித்து மானாமதுரைக்குப் போவார். அதே ஆறுதானே அப்பா, அங்கே என்ன வேறு தண்ணீரா ஓடுகிறது என்று கேட்டேன்.

"எறச்சுட்டு அவ தம்பி வீட்டு வாசல்ல செத்த நேரம் உக்காந்துட்டு வருவேன்."

"பேசுறாளா?"

"தண்ணி குடுப்பா."

"அவ்வளவுதானா?"

"போதும்மா."

அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார், நடக்க முடிகிற வரைக்கும். எண்பத்தொன்பதில் இந்தக் கூடத்தில்தான் போனார். ஆள் அனுப்பினேன். சித்தி வரவில்லை. தம்பி மகனை அனுப்பியிருந்தாள். அவன் வந்து மாலை போட்டுவிட்டு, அத்தைக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன முடியவில்லை, எனக்குத் தெரியாதா?

மழை விட்ட மாதிரி இருக்கிறது. புரோக்கர் வந்துவிடுவார். வீடு உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சுவர் நல்ல சுவர், ஒழுகாது. முளைகளைப் பிடுங்க வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளுங்கள். அந்த உள்ளறைக் கதவை மட்டும் நான் கழற்றி எடுத்துக்கொண்டு போவேன். வேறொன்றும் இல்லை, தேக்கு இப்போது கிடைப்பதில்லை. நான் போகிற இடம் ஒற்றை அறைதான், கதவை மாட்ட இடமில்லை, சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வேன்.

தாலி என் பீரோவில் இருக்கிறது. என்றைக்காவது வந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். கேட்கவில்லை. சித்தி தொண்ணூற்றைந்து ஐப்பசியில் மானாமதுரையில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். எரிக்க வேண்டாம், மண்ணில் வையுங்கள் என்று சொல்லியிருந்தாளாம். தெற்கே தலை வைத்து, அப்படியே வைத்தார்கள்.